திருவருகைக்காலப் பொருட்கள்: விட்டுப்போன நாளைத் தாங்குபவை எவை?

அட்வெந்து (திருவருகைக்கால) வளையம், நாள்காட்டி, ஈசாய் மரம், குடில், தினத் தியானப் புத்தகம், கைபேசிச் செயலி. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களில் வீட்டுச் செபத்துக்கென்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த ஆறு வகைக்குள் அடங்கிவிடும். ஆறையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டிருக்கிறோம்: ஒரு நாள் செபம் விட்டுப்போனால் என்ன ஆகும்?

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எதுவும் இதற்குப் பதில் சொல்லாது. ஆனால் டிசம்பர் பத்தாம் தேதிக்கு மேல் வீட்டின் வேகமே வேறு. விருந்தினர் வருவார்கள், ஒருவர் பயணம் புறப்படுவார், பாடற்குழு ஒத்திகை இரவு வரை நீளும், பரிசுப் பட்டியல் முடியாமல் கிடக்கும். நான்கு வாரத்தில் சில நாட்களாவது தவறத்தான் செய்யும். தவறிய நாட்கள் பாக்கியாகக் குவியும்படி அமைந்த பொருள் மாதப் பாதியிலேயே அலமாரிக்குப் போய்விடுகிறது. தவறியதைப் பொறுத்துக்கொண்டு, மறுநாள் எதுவும் நடவாததுபோல் நம்மைச் சேர்த்துக்கொள்ளும் பொருள்தான் 24-ஆம் தேதி இரவு வரை மேசையில் இருக்கும். பக்தி குறைந்த வீடுகளுக்கான சலுகையாக இதை எண்ண வேண்டாம். கருத்தாகச் செபிக்கும் வீடுகளில்தான் பாக்கி நாட்கள் மனத்தை அதிகம் அழுத்துகின்றன.

வாங்குவதற்கு முன் நாள் கணக்கைப் பார்த்துவிடுங்கள். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று திருவருகைக் காலம் தொடங்குகிறது. அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கு முன்போ டிசம்பர் 3-க்குப் பின்போ வராது. ஞாயிறுகள் எப்போதும் நான்குதான். மொத்த நாட்கள்தான் 22 முதல் 28 வரை மாறும். 2026-இல் நவம்பர் 29-இல் தொடங்கி 26 நாட்கள். 2027-இல் நவம்பர் 28-இல் தொடங்கி 27 நாட்கள். 2028-இல் டிசம்பர் 3-இல்தான் தொடக்கம், மொத்தமே 22 நாட்கள். நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24-உம் ஒரே நாள். நாளுக்கொரு சிறு கதவு திறக்கும்படி கடையில் கிடைக்கும் நாள்காட்டிகளோ டிசம்பர் 1 முதல் 24 வரை என்ற நிலையான கணக்கில் செய்யப்பட்டவை. ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றி ஜனவரி 7-இல் பிறப்பைக் கொண்டாடும் கிழக்குத் திருச்சபைக் குடும்பங்களுக்கு 40 நாள் நோன்பு உண்டு. அவர்களுக்கு இந்த 24 கதவுப் பெட்டிகள் எந்த வகையிலும் பொருந்தா.

வளையம்: ஆறிலும் முதலிடம்

1839-இல் ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திவந்த லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன், வண்டிச் சக்கரம் ஒன்றில் ஞாயிறுகளுக்கென நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும், வாரநாட்களுக்கென சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் நிறுத்தினார். வீடுகளுக்கு வந்தபோது சிறியவை உதிர்ந்து நான்கு மட்டும் தங்கின. இன்று இது நமக்குக் கைகொடுப்பதும் அதனால்தான். பசுந்தழை சுற்றிய வளையத்தில் ஞாயிறுதோறும் எரியும் மெழுகுவர்த்தி ஒன்று கூடும்; அது வாரத்தை எண்ணுகிறது, நாளை எண்ணுவதில்லை. செவ்வாயும் புதனும் தவறினாலும் வியாழனன்று ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்தி அதேதான்.

வாங்கும்போது முதலில் அளக்க வேண்டியது மெழுகுவர்த்தியைச் செருகும் குழியின் விட்டம். ஒல்லியான நீள மெழுகுவர்த்திகள் பொதுவாக இரண்டு அளவில் வருகின்றன: அடி விட்டம் சுமார் 2.2 செ.மீ. ஒன்று, அட்வெந்துக்கென்றே நான்காகக் கட்டி விற்கும் 1.9 செ.மீ. மற்றொன்று. வளையத்தை ஓரிடத்திலும் மெழுகுவர்த்தியை வேறிடத்திலும் வாங்கினால் இந்த 3 மில்லிமீட்டர்தான் தொல்லை. குழி பெரிதானால் மெழுகுவர்த்தி சாயும். சாய்ந்த மெழுகுவர்த்தி ஒரு பக்கமாக உருகி மேசைவிரிப்பில் ஊதாக் கறை விடும், அந்தச் சாயம் எளிதில் போகாது. அடியில் அலுமினியத் தாளை இரண்டு மூன்று சுற்று சுற்றி அழுத்தினால் சரியாகிவிடும். குழி சிறிதானால் கத்தியால் செதுக்காதீர்கள், மெழுகு வெடிக்கும். அடிப்பகுதியைச் சுடுநீரில் 15 முதல் 20 விநாடி பிடித்து, இளகியதும் திருகி இறக்குங்கள்.

தடித்த உருளை மெழுகுவர்த்திகளை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. படத்தில் அழகாக இருக்கும், விளம்பரங்களில் அதிகம் வருவதும் அவைதான். ஆனால் 7 செ.மீ. விட்டமுள்ள உருளை ஓரம்வரை சீராக உருக ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட எரிய வேண்டும். விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீட்டருக்கும் ஒரு மணி நேரம் என்பது கணக்கு. குடும்பச் செபத்தில் தினமும் கால் மணி நேரம்தான் எரிகிறது. நடுவில் மட்டும் உருகிக் குழி விழும், திரி அந்தக் குழிக்குள் இறங்கும், இரண்டாம் வாரத்தில் உருகிய மெழுகிலேயே மூழ்கி அணையும். குற்றம் மெழுகின் தரத்தில் இல்லை. அந்த வடிவம் குறுகிய நேரச் செபத்துக்கு ஏற்றதல்ல.

ஒல்லி மெழுகுவர்த்திக்கு 25 செ.மீ. உயரம் போதும். தரமானது மணிக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. குறையும். தினமும் 15 நிமிடம் என்று வைத்தால், 28 நாள் வரும் நீண்ட ஆண்டில் முதல் மெழுகுவர்த்தி 7 மணி நேரம், இரண்டாவது 5 மணி 15 நிமிடம், மூன்றாவது மூன்றரை மணி, நான்காவது 1 மணி 45 நிமிடம் எரியும். 22 நாள் ஆண்டில் முதலாவது ஐந்தரை மணி நேரம், நான்காவது வெறும் கால் மணி நேரம். 20 செ.மீ. வாங்கினால் முதல் மெழுகுவர்த்தி கடைசி வாரத்தில் இலைக்கு அருகில் வந்துவிடும், அங்கேதான் ஆபத்து. சுடருக்கும் இலைக்கும் 5 செ.மீ. இடைவெளி குறைந்தால் அந்த மெழுகுவர்த்தியை மாற்றிவிடுங்கள்.

இலையைப் பொறுத்தவரை, வெட்டிய பசுந்தழை வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். அறையைச் சூடாக்கும் கருவி ஓடினால் இன்னும் முன்பே. ஒரு கிளையை வளைத்துப் பாருங்கள். வளையாமல் முறிந்தால் அன்றே அகற்ற வேண்டும். இரண்டாம் ஞாயிறு முடிந்ததும் தழையை முழுதாக மாற்றுவது நல்லது. செயற்கை இலை வாங்குகிறவர்கள் எளிதில் தீப்பற்றாதது என்ற குறிப்பு உறையில் இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தாலும் அந்த 5 செ.மீ. விதி மாறாது.

நிறம்: மூன்று ஊதா, ஒரு இளஞ்சிவப்பு என்பது பரவலான வழக்கம். இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. ஆண்டவரில் எப்போதும் மகிழுங்கள் என்று பிலிப்பியர் 4:4 சொல்வதையொட்டி மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் நாள் அது. சில சபைகளில் நான்கும் நீலம், சிலவற்றில் நான்கும் சிவப்பு அல்லது வெள்ளை. உங்கள் ஆலயத்தில் எப்படியோ வீட்டிலும் அப்படியே வையுங்கள். ஞாயிறன்று பார்த்ததையே இரவில் மேசையிலும் பார்க்கும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றென்று தானே புரியும். நடுவில் ஐந்தாவதாக வெள்ளை மெழுகுவர்த்திக்கு இடமுள்ள வளையம் கிடைத்தால் அதையே எடுங்கள். கிறிஸ்துமஸ் நாளில் ஏற்ற ஒன்று மீதமிருந்தால்தான் 25-ஆம் தேதியும் வளையத்துக்கு வேலை இருக்கும்.

பல வளையங்களுடன் வரும் செபத் தாளில் நாளுக்கொரு வாசகம் இருக்கும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு வாரத்துக்கு ஒரே வாசகம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஏசாயா 2:1-5. இரண்டாம் வாரம் ஏசாயா 40:1-5. மூன்றாவது ஏசாயா 35-ஆம் அதிகாரம். நான்காவது லூக்கா 1:26-38. ஏழு நாளும் அதே வரிகள். நான்காம் நாளில் சிறு பிள்ளைகள் பாதி வரியைப் புத்தகமின்றிச் சொல்வார்கள். இரண்டு நாள் தவறியவர்களும் எதையும் இழக்கவில்லை.

நடைமுறை இப்படி: சாப்பாடு மேசைக்கு வந்ததும் பரிமாறுவதற்கு முன் அறை விளக்கை அணைக்கவும். கைபேசிகள் வேறு அறையில். அந்த வாரம் வரையிலான மெழுகுவர்த்திகளை ஏற்ற ஒரு நிமிடம். வாசகம் இரண்டு நிமிடம், ஒருவரே வாசிக்கட்டும். ஒரு நிமிடம் மௌனம். அதன்பின் ஆளுக்கொரு வரி மன்றாட்டு, ஒரு சரணம் பாட்டு, மொத்தம் நான்கு நிமிடம். எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பிடத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் எரியவிடலாம், மேற்சொன்ன 15 நிமிடக் கணக்கு அதையும் சேர்த்துத்தான். மௌனத்தை வெட்டாதீர்கள். அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான், ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் மற்ற ஏழும். அணைக்கும்போது வாயால் ஊதினால் உருகிய மெழுகு தெறிக்கும். சிறு உலோக மூடியால் கவிழ்த்து அணைக்கவும். மறுநாள் ஏற்றுமுன் திரியை 6 மி.மீட்டருக்கு நறுக்கினால் கரும்புகை வராது.

கைக்குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் மின்கல மெழுகுவர்த்தி தவறே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: சிறிய மின்கல விளக்குகளில் சி.ஆர். 2032 போன்ற பொத்தான் மின்கலம் இருக்கும். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும் வகையைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். பயணத்தில் இருப்பவர்களுக்கும் இதே விளக்குகள் நான்கு போதும். விடுதி அறைகளில் சுடர் ஏற்ற அனுமதி இருக்காது. வாசகங்களை ஒரு அட்டையில் எழுதி விளக்குகளோடு பையில் போட்டுவிட்டால் வளையம் கூடவே வரும்.

நாள்காட்டி: பாக்கி குவியும் இடம்

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. மிட்டாய் வைத்த 24 கதவு அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் கிறிஸ்துவைப் பற்றி ஒரு சொல்லும் இராது. எல்லா நாளும் மிட்டாய் எடுத்த குழந்தை 24 நாட்களாக எதற்குக் காத்திருந்தது என்பதை அந்தப் பெட்டி சொல்வதே இல்லை. வசனம் அச்சிட்ட காகித நாள்காட்டிகள் தேவலாம். கதவைத் திறந்து உள்ளே உள்ள எழுத்தைக் கை நீட்டும் தொலைவில் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பலவற்றில் முடியாது.

நாங்கள் ஏற்பது துணிப்பை நாள்காட்டியை. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். பையின் அளவு 8 செ.மீ. அகலமும் 11 செ.மீ. உயரமும் இருந்தால், ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் வரும் 7.4 x 10.5 செ.மீ. துண்டு சரியாக உள்ளே இறங்கும். பைகள் ஒட்டப்பட்டவையா தைக்கப்பட்டவையா என்று திருப்பிப் பாருங்கள். பசையால் ஒட்டியவை விரைவில் பிரிந்துவிடும். மரத்தாலான சிறு இழுப்பறைப் பெட்டிகள் ஈரப்பதத்தில் உப்பிச் சிக்கிக்கொள்ளும். இழுப்பறையின் ஓரத்தில் மெழுகைத் தேய்த்தால் நகரும்.

பையில் என்ன வைப்பது என்பதில்தான் எல்லாமே கெடுகிறது. உற்சாகத்தில் 24 பைக்கும் 24 நற்செயல் எழுதி வைத்துவிடுகிறோம்: நோயாளியைப் பார்த்து வா, பழைய உடைகளைப் பிரித்துக் கொடு, தனியாக வாழும் முதியவருக்குச் சமைத்துக் கொடு. பதினோராம் தேதி புதன்கிழமை இரவு எட்டு மணிக்குத் திறக்கும் பையில் இப்படி ஒன்று வந்தால் அது நடக்காது. நடக்காத இரண்டு சேர்ந்தால் மூன்றாவது பையைத் திறக்கவே தயக்கம். எட்டே நற்செயல் எழுதுங்கள். வெளியே போக வேண்டியவை சனி, ஞாயிறில் மட்டும். மற்ற பதினாறிலும் ஒரு வசனமும் ஒரு பெயரும் போதும், அன்று யாருக்காகச் செபிப்பது என்பதற்கான பெயர். நாள் தவறினால் அடுத்த நாள் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். இந்த ஒரு மாற்றத்தால் நாள்காட்டியும் தவறிய நாளைத் தாங்கத் தொடங்கிவிடும்.

பிள்ளைகள் இருவரோ மூவரோ நால்வரோ இருந்தால் 24 சமமாகப் பிரியும். யார் எந்தத் தேதி என்பதை நவம்பரிலேயே பையின் பின்புறம் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் செபத்துக்கு முன் தினமும் சண்டை.

பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு நாள்காட்டியே தேவையில்லை. லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் தினம் ஒன்று படித்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் உயிர்ப்பில் முடியும். தொட்டியில் கிடக்கும் குழந்தை யார் என்று அறிந்தபடி பிறப்புத் திருப்பலிக்கோ ஆராதனைக்கோ போகலாம். முதல் அதிகாரமே 80 வசனம், 22-ஆவது 71 வசனம். அந்த இரு நாட்களுக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் 22 பரபரப்பான நாள் என்பதால் அதை 21, 22 என இரண்டாகப் பிரிப்பது நல்லது. சிறு பிள்ளைகளோடு இதைச் செய்ய வேண்டாம், அதிகாரங்கள் அவர்களுக்கு மிக நீளம்.

ஈசாய் மரம்: ஆறிலும் ஆழமானது

ஈசாய் தாவீதின் தந்தை. ஈசாயின் வெட்டுண்ட அடிமரத்திலிருந்து துளிர் எழும் என்று ஏசாயா 11:1 சொல்வதை வைத்து வந்த பெயர். காய்ந்த கிளை ஒன்றில், படைப்பு முதல் பெத்லகேம் வரையிலான கதைகளின் சின்னங்களைத் தினம் ஒன்றாகத் தொங்கவிடுவது முறை: பேழை, விண்மீன்கள், ஏணி, பலவண்ண அங்கி, கற்பலகைகள், யாழ். விவிலியத்தை ஒரே கதையாகப் பிள்ளைகள் கையில் கொடுக்க இதைவிடச் சிறந்த கருவி எங்களுக்குத் தெரியவில்லை.

ஆயத்த தொகுப்புகளின் தரத்தை இரண்டு இடத்தில் சோதியுங்கள். ஒன்று, பெண்கள். மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்சப் பட்டியலில் மரியாவுக்கு முன்பே தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என நான்கு பெண்கள் வருகிறார்கள். ராகாபின் சிவப்புக் கயிறும் ரூத்தின் கதிர்க்கட்டும் தொகுப்பில் இல்லையென்றால், செய்தவர்கள் அந்த அதிகாரத்தைச் சரியாகப் படிக்கவில்லை. இரண்டாவது, அடிமைப்பட்ட காலம். மத்தேயு 1:17 தலைமுறைகளைப் பதினான்கு பதினான்காக மூன்றாகப் பிரிக்கிறது: ஆபிரகாமிலிருந்து தாவீது, தாவீதிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனது, அங்கிருந்து கிறிஸ்து. பல தொகுப்புகள் தாவீதின் மகுடத்திலிருந்து ஒரே தாவாக மரியாவிடம் வந்துவிடுகின்றன. நாடும் ஆலயமும் அழிந்து மக்கள் அந்நிய மண்ணில் காத்திருந்த அத்தனை ஆண்டுகளும் காணாமல் போகின்றன. திருவருகைக் காலமே காத்திருப்பின் காலம்; அந்தக் காத்திருப்பை வெட்டிவிட்டு மீதியைத் தொங்கவிட்டால் மரத்தில் அலங்காரம்தான் மிஞ்சும். உங்கள் தொகுப்பில் அது இல்லையென்றால் அட்டையில் உடைந்த சங்கிலி ஒன்றை வெட்டி, சங்கீதம் 137-ஐ வாசிக்க வைத்து, நீங்களே சேர்த்துவிடுங்கள்.

கிளை 60 முதல் 80 செ.மீ. போதும். கண்ணாடிக் குடுவையில் வெறும் கிளையை நிறுத்தினால் பத்தாவது சின்னத்தோடு கவிழும். கூழாங்கல்லோ மணலோ மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள். ஃபெல்ட் துணிச் சின்னங்கள் இலேசானவை, கீழே விழுந்தாலும் உடையா. களிமண் சின்னங்கள் மெல்லிய கிளையை வளைத்துவிடும். எந்த வகையானாலும் வாங்கிய அன்றே ஒவ்வொன்றின் பின்னும் எண்ணும் வாசகப் பகுதியும் எழுதிவிடுங்கள். கூட வரும் தாள் தொலையும், தொலைந்தபின் எந்தச் செம்மறி ஈசாக்குக்கு, எது பாஸ்காவுக்கு என்று யாருக்கும் தெரியாது.

இதன் பலவீனம் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விதான். இது தொடர்கதை, மூன்று நாள் தவறினால் யோசேப்பு எகிப்துக்கு எப்படிப் போனார் என்பதே விடுபடும். மாற்று வழி உண்டு. சின்னங்களை நான்கு உறைகளில் போடுங்கள்: படைப்பிலிருந்து யாக்கோபு வரை, யோசேப்பிலிருந்து ரூத் வரை, தாவீதிலிருந்து சிறைவாசம் வரை, அங்கிருந்து பெத்லகேம் வரை. வாரநாட்களில் முடிந்ததைத் தொங்கவிட்டு, மீந்தவற்றைச் சனிக்கிழமை ஒருசேர, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் கதையோடு முடித்துவிடுங்கள். ஞாயிறு எப்போதும் புது உறையோடு தொடங்கட்டும். வளையமும் மரமும் ஒரே ஆண்டில் புதிதாகத் தொடங்க வேண்டாம். வளையம் ஓராண்டு பழகியபின் மரத்தைச் சேர்ப்பதே நிலைக்கும்.

குடில்

குடிலுக்குத் தவறிய நாள் என்பதே கிடையாது. அதன் தொல்லை வேறு: நவம்பர் இறுதியில் முழுதாக அடுக்கிவைத்தால் ஒரு வாரத்தில் கண் பழகி, சுவரோடு சுவராகிவிடும். ஆகவே வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: குழந்தை இயேசுவின் சொரூபம் தொட்டியிலிருந்து தனியாகக் கழன்று வர வேண்டும். இரண்டும் ஒரே வார்ப்பாக இருந்தால் எவ்வளவு அழகானாலும் விட்டுவிடுங்கள். 1223-இல் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் மக்களுக்குக் காட்டியதும் வைக்கோல் நிரப்பிய தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையும்தான். வெறும் தொட்டியை முதலில் வையுங்கள். ஒருவருக்கொருவர் செய்யும் ஒவ்வொரு நன்மைக்கும் பிள்ளைகள் ஒரு வைக்கோல் துரும்பு போடட்டும். மரியாவும் யோசேப்பும் அறையின் மறுகோடியிலிருந்து நாளுக்குச் சிறிது நகரட்டும். 24 இரவில் குழந்தையை வையுங்கள். ஞானிகள் அப்போதும் தொலைவிலேயே இருக்கட்டும். மத்தேயு 2:11-இன்படி அவர்கள் வந்தது ஒரு வீட்டுக்கு, தொழுவத்துக்கு அல்ல. எத்தனை பேர் என்றும் நற்செய்தி சொல்லவில்லை, மூன்று என்பது காணிக்கைகளின் எண்ணிக்கை. ஜனவரி 6, திருக்காட்சி விழாவில் அவர்கள் வந்து சேரும்வரை குடிலைக் கலைக்கக் கூடாது.

நிற்கும் சொரூபம் 12 முதல் 15 செ.மீ. இருந்தால் அலமாரிக்குப் பொருத்தம். பின்னாளில் ஆடு, இடையர் சேர்க்க நினைத்தால் நிற்கும் சொரூபத்தின் உயரத்தையே அளவாகச் சொல்லி வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் துணி அல்லது பெரிய மரப் பொம்மைகள். அவர்கள் கையில் எடுத்து விளையாடவே ஒரு குடில் தேவை, கண்ணாடி அலமாரிக் குடில் அவர்களுக்கு எதையும் கற்றுத்தராது. வைக்கோல் உள்ள இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

புத்தகமும் செயலியும்

தியானப் புத்தகத்தில் திறந்து பார்க்க வேண்டியது ஒரே இடம்: டிசம்பர் 17. கத்தோலிக்க வாசக ஒழுங்கில் அதுவரை வாரம், கிழமை என்று போகும் வாசகங்கள், 17 முதல் 24 வரை தேதிப்படி மாறும். முதலாம் வாரம் திங்கள் என்று தொடங்கி நான்காம் வாரம் சனி வரை ஒரே சீராக அச்சிட்ட புத்தகம், 22 நாள் வரும் ஆண்டில் ஆலய வாசகத்தோடு ஒட்டாது. குறிப்பிட்ட ஆண்டின் தேதியோடு அச்சிட்டதானால் அடுத்த ஆண்டு உதவாது. ஞாயிறு வாசகங்களும் மத்தேயு, மாற்கு, லூக்கா என மூன்றாண்டுச் சுழற்சி. 2025 திருவருகையில் மத்தேயு ஆண்டு தொடங்கியது, 2026 திருவருகையில் மாற்கு ஆண்டு தொடங்குகிறது.

அந்தக் கடைசி வாரத்துக்கு, மிக நெருக்கடியான வீட்டுக்கும் ஏற்ற பழைய செபம் ஒன்று உண்டு. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் நாளுக்கொரு அழைப்பு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களின் அரசரே, இம்மானுவேலே. ஒவ்வொன்றும் வாரும் என்ற வேண்டலோடு முடியும். வாசகத்துக்கே நேரமில்லாத நாளில் இந்த ஒரு வரியை மெழுகுவர்த்தி முன் சொன்னால் போதும். இந்த ஏழும் இடம்பெற்ற புத்தகம் என்றால் தயங்காமல் எடுங்கள்.

செயலிகளில் ஒலிவடிவம் நல்லது, பயணத்தில் உதவும். முன்கூட்டியே தரவிறக்கி வைக்கவும். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் வசதியை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் தவறியதும் எண் பூச்சியத்துக்குத் திரும்பும் அந்த முறைதான் செபத்தைக் கடனாக்குகிறது. இரவுச் சாப்பாட்டு மேசைக்குச் செயலியைக் கொண்டுவர வேண்டாம், வாசகத்துக்குத் திறந்த கைபேசியில் அடுத்த நொடி வேறு செய்தி வந்து நிற்கும்.

வாங்கும் வரிசை

புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு ஐந்து குழி வளையம், 25 செ.மீ. மெழுகுவர்த்திகள், குழந்தை தனியாகக் கழலும் சிறு குடில். முதல் ஆண்டுக்கு இவ்வளவுதான். பொருட்களை நவம்பர் இரண்டாம் வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். இளஞ்சிவப்பு மெழுகுவர்த்திதான் முதலில் தீரும். விழா முடிந்ததும் குழந்தை இயேசுவைத் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், அடிக்கடி தொலைவது அதுதான்.

மெழுகுவர்த்திகளைத் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, படுக்கவைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நிறுத்திவைத்தால் வெப்பத்தில் வளையும், வெளிச்சத்தில் ஊதா வெளுக்கும். 25 செ.மீட்டரில் கடைசி 7.5 செ.மீட்டரை எரிக்காமல் விட்டால் ஒவ்வொன்றிலும் 7 மணி நேரம் இருக்கிறது. 28 நாள் ஆண்டில் முதலாவது அதை முழுதும் தீர்த்துவிடும். நான்காவதில் மிஞ்சும் 5 மணி 15 நிமிடம் அடுத்த ஆண்டின் இரண்டாவதுக்குச் சரியாகப் போதும். இரண்டாவதில் மிஞ்சும் 1 மணி 45 நிமிடம் அடுத்த ஆண்டின் நான்காவதுக்கு. இளஞ்சிவப்பு இரண்டு ஆண்டும் வரும். ஆக இரண்டாம் ஆண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டியது ஒரே ஒரு ஊதா மெழுகுவர்த்தி. சுற்றிவைக்கும் காகிதத்தின்மேல் அடுத்த ஆண்டு எந்த வாரத்துக்கு என்று அப்போதே குறித்துவிடுங்கள்.